வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதானே அர்த்தம், நடப்பதை வைத்து ஒரு குடும்பத்துக்குப் பெயர் வருமா, வந்தாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தனை லட்சம் பேருக்கு எப்படி ஒட்டிக்கொண்டது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கர் சாலையில் நடந்தவர் இல்லை. தொட்டிக்குள் இறங்கி, நனைந்த கம்பளித் துணியை மணிக்கணக்கில் காலால் மிதித்தவர். நெசவாளி தறியிலிருந்து இறக்கிய துணியை உடுத்தக்கூடிய துணியாக மாற்றிய தொழிலாளி அவர். இன்றைக்கு அந்த வேலையை அந்த முறையில் செய்து பிழைப்பவர் யாரும் இல்லை, ஆனால் பெயர் மட்டும் பிரிட்டனில் முதல் இருபது குடும்பப்பெயர்களுக்குள் நிற்கிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் வெயால்கன் என்றொரு வினை இருந்தது; உருட்டுவது, புரட்டுவது, அலைக்கழிப்பது என்றுதான் அதற்குப் பொருள். காலால் நடப்பதற்கு அவர்கள் அப்போது பேசிய சொல் வேறு, கங்கன் என்பது. துணியை உருட்டிப் புரட்டி மிதிப்பவருக்கு வெயால்கெரே என்று பெயர், அதுதான் வாக்கர் ஆனது. வாக் என்ற சொல்லுக்கு நடப்பது என்ற பொருள் பரவலானது 1066-இல் நார்மன்கள் வந்ததற்கும் பிறகு. அதாவது இந்தத் தொழில் பெயர் உருவான காலத்தில் அதைக் கேட்ட எவருக்கும் நடைப்பயிற்சி ஞாபகத்துக்கு வந்திருக்காது.

சரி, துணியை ஏன் மிதிக்க வேண்டும்? பருத்தி உடுத்தும் ஊர்க்காரர்களான நமக்கு இது சட்டென்று பிடிபடாது. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி வலை மாதிரி இளகலாக இருக்கும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கு அதில் அப்படியே இருக்கும், நெய்வதற்கு வசதியாகத் தடவிய எண்ணெயும் கொழுப்பும் வேறு. அதை அப்படியே போட்டுக்கொண்டால் காற்றும் மழையும் உள்ளே புகுந்துவிடும். கம்பளி இழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு துணி சுருங்கி இறுகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கம்பளி ஸ்வெட்டரைத் தவறுதலாக வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு எடுத்திருந்தால், அது குழந்தை சட்டை அளவுக்கு வந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். நடந்தது அதேதான். ஒரு வாக்கர் அதை வேண்டுமென்றே, அளவு பார்த்துச் செய்தார். துணி கணிசமாகச் சுருங்கி, தடித்து, ஊடும் பாவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருங்கிவிடும்.

பிசுக்கை எடுக்க அவர்கள் பயன்படுத்தியது இரண்டு பொருள். ஒன்று, பல நாள் வைத்துப் பழையதாக்கிய சிறுநீர். அதில் அம்மோனியா உருவாகிறது, அது கொழுப்போடு சேர்ந்தால் சோப்பு மாதிரி வேலை செய்யும். வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் சேகரித்திருக்கிறார்கள். ரோமாபுரியிலும் இதே முறைதான். பொதுக் கழிப்பறைகளிலிருந்து எடுக்கும் சிறுநீருக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டது பிரபலமான கதை. பாம்பேயி நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த சுவரோவியம் ஒன்றில் தொழிலாளிகள் தொட்டிக்குள் நின்று துணி மிதிப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். இரண்டாவது பொருள் ஒரு வகைக் களிமண். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். இங்கிலாந்தில் சர்ரே பகுதியின் நட்ஃபீல்டு, பெட்ஃபோர்டுஷயரின் வோபர்ன் போன்ற இடங்களில் அதைத் தோண்டி எடுத்தார்கள், தங்கள் துணித்தொழிலுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதால் 17-ஆம் நூற்றாண்டில் அதன் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். அந்தக் களிமண் உங்களுக்கும் தெரிந்ததுதான்: முகத்தில் பூசுவதற்குக் கடையில் வாங்கும் முல்தானி மட்டி அதே வகை மண். ஆங்கிலத்தில் இன்றும் அதன் பெயர் ஃபுல்லர்ஸ் எர்த். அந்த ஃபுல்லர் யார் என்பதுதான் இந்தப் பதிலின் சுவையான பகுதி.

ஃபுல்லரும் வாக்கரும் ஒரே ஆள். கூடவே டக்கர் என்று மூன்றாவது ஒருவரும் இருக்கிறார், அவரும் அதே ஆள்தான்! ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தின் மூன்று பகுதிகளில் மூன்று பெயர். தெற்கிலும் கிழக்கிலும், அதாவது கென்ட், சசெக்ஸ், சஃபோக் பக்கம், ஃபுல்லர். இது லத்தீனின் ஃபுல்லோ என்ற சொல்லிலிருந்து வந்தது, பிற்பாடு பிரெஞ்சும் அதற்கு வலு சேர்த்தது. தென்மேற்கில், டெவன், கார்ன்வால், சோமர்செட் பக்கம், டக்கர். இதன் வேர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வதைப்பது, வாட்டுவது என்று அர்த்தம், துணியைப் படுத்தின பாட்டைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். டெவனின் எக்ஸிடர் நகரத்தில் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் என்ற சங்கக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நெசவாளிகளும் துணி மிதிப்பவர்களும் துணி கத்தரிப்பவர்களும் சேர்ந்து நடத்திய சங்கம் அது. வடக்கிலும் மேற்கு நடுப்பகுதிகளிலும், யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம், வாக்கர்.

ஆகவே ஒரு ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் டக்கர் என்றால் அவருடைய முன்னோர் தென்மேற்கிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், வாக்கர் என்றால் வடக்கு. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வரைபடமாகப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும். பெயர்கள் பிறந்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், ரயில் வந்து தொழிற்சாலை வந்து ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போன பிறகும், டெவனில் டக்கர்கள்தான் குவிந்திருக்கிறார்கள். என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்திருப்பதே இந்த விஷயம்தான். எங்கோ ஒரு கிராமத்தில் யாரோ ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை எந்தச் சொல்லால் கூப்பிட்டார் என்பது இத்தனை தலைமுறை தாண்டியும் வரைபடத்தில் அழியாமல் இருக்கிறது.

இந்த இரட்டைப் பெயருக்கு அழகான சான்று ஒன்று உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்லிஃப்பின் வழிவந்தவர்கள் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் ஆடை பூமியில் எந்தத் தொழிலாளியாலும் அப்படி வெளுக்க முடியாத வெண்மையாக மின்னியது என்று வரும் இடத்தில், ‘ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்’ என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே எழுதினார்கள். தெற்கே படிப்பவருக்கும் வடக்கே படிப்பவருக்கும் புரிய வேண்டுமே! தமிழ் வேதாகமத்தில் அதே வசனத்தில் வண்ணான் என்று இருக்கும். தவறில்லை, ரோமானிய காலத்தில் இவர்கள் அழுக்குத் துணி வெளுக்கும் வேலையையும் செய்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் வாக்கரை வண்ணாராக நினைத்துக்கொள்ளக் கூடாது, அவர் வேலை புதுத் துணியோடு மட்டும்தான்.

அடுத்து, மூவரில் வாக்கர் மட்டும் ஏன் இவ்வளவு பெருகினார்? காரணங்கள் இரண்டு மூன்று சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். காலால் மிதிக்கிற வேலையை நீர்ச்சக்கர ஆலைகள் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே எடுத்துக்கொள்ளத் தொடங்கின. நீர்ச்சக்கரம் சுற்றும்போது கனமான மரச் சம்மட்டிகள் தூக்கித் தூக்கித் தொட்டியிலுள்ள துணிமேல் விழும். டெம்ப்ளர் வீரத்துறவிகள் தங்கள் சொத்துகளை 1185-இல் கணக்கெடுத்தபோது யார்க்ஷயரிலும் கிளாஸ்டர்ஷயரிலும் அப்படிப்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. வேகமான ஓடை வேண்டும் என்பதால் இந்த ஆலைகள் மலைச்சரிவுகளைத் தேடிப் போயின. பழைய நகரங்களின் தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. துணியை ஊருக்கு வெளியே உள்ள ஆலைகளுக்கு அனுப்பக் கூடாது என்று லண்டன்காரர்கள் 1298-இல் முறையிட்டார்கள். எலினோரா கேரஸ்-வில்சன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1941-இல் இதை 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே அழைத்தார். அது அவ்வளவு பெரிய புரட்சியா என்று பிற்பாடு வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், அந்தச் சண்டைக்குள் போகவில்லை. நமக்கு வேண்டியது இதுதான்: பென்னைன் மலைத்தொடரின் ஓடைகள் ஓரமாக, வாக்கர் என்ற சொல் வழங்கிய அதே வட்டாரங்களில், இந்தத் தொழில் வேரூன்றிக்கொண்டது. மிதிப்பது சம்மட்டி என்று ஆன பிறகும் அந்த ஆலையை நடத்தியவரை ஜனங்கள் வாக்கர் என்றே கூப்பிட்டார்கள். வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் பாண்டி என்று பெயர், டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் இருப்பது அந்தப் பாண்டிதான்.

காலம் பொருந்தியதும் முக்கியம். நார்மன் வெற்றிக்கு முன்னால் சாதாரண ஆங்கிலேயருக்கு ஒரே பெயர்தான். அதற்குப் பிறகு முதலில் நிலப்பிரபுக்கள், அப்புறம் நகரத்து வியாபாரிகள், கடைசியில் குடியானவர்கள் என்று மெல்ல மெல்லக் குடும்பப்பெயர் இறங்கி வந்தது. 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டது. ஒரே கிராமத்தில் ஐந்து ஜான் இருந்தால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? ஆலைக்கார ஜான், குன்றுக்குக் கீழே இருக்கும் ஜான், வில்லியம் மகன் ஜான், செம்பட்டை முடி ஜான் என்று எழுதுவார். ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் நான்கு பெரிய வகைகள் இவைதான்: தொழில், இடம், தகப்பன் பெயர், பட்டப்பெயர். 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘லெ வாக்கர்’ என்று நடுவில் பிரெஞ்சு ஒட்டோடு வரும். அப்போது அது இன்னும் அந்த ஆளின் வேலையைச் சொல்லும் அடையாளம்தான். 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி போட்டபோது ஆள் ஆளாகப் பெயர் எழுதினார்கள், அதில் யார்க்ஷயரின் மேற்குப் பகுதிக்கான 1379-ஆம் வருடப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் பலருக்குத் தொழிலையும் குறித்திருப்பதால் அந்தப் பட்டியல் ஒரு பொக்கிஷம். ஒருவரின் பெயர் ஒரு தொழிலையும், பக்கத்தில் எழுதிய வேலை இன்னொன்றையும் காட்டினால், அங்கே பெயர் தொழிலை விட்டுப் பிரிந்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இதே நூற்றாண்டுகளில்தான் இங்கிலாந்தின் செல்வமே கம்பளியில் இருந்தது. பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் கம்பளி அடைத்த சிவப்பு மூட்டை ஒன்றின்மேல் அமர்கிறார், அந்த வழக்கம் மூன்றாம் எட்வர்டு காலத்தது. மூட்டையாகக் கம்பளி விற்றுக்கொண்டிருந்த நாடு 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் துணியாக நெய்து விற்கத் தொடங்கியது. அதனால் பெயர் நிலைபெற்ற காலத்தில் துணித்தொழிலில் கூட்டம் அதிகம். நெசவாளிக்கு வெப், வெப்ஸ்டர், வீவர். சாயக்காரருக்குத் தெற்கில் டையர், வடக்கில் லிஸ்டர். துணியின் மேல்பஞ்சைக் கத்தரிப்பவர் ஷெர்மன். தைப்பவர் டெய்லர். ஒரு துணி ஆட்டின் முதுகிலிருந்து ஒருவர் தோளுக்கு வரும்வரை யார் யார் கைபட்டதோ அவர்கள் அத்தனை பேரும் இன்றைக்கு லண்டன் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் இருப்பார்கள்.

ஸ்காட்லாந்திலும் வாக்கர்கள் நிறைய. அங்கே ஒரு பகுதி கேலிக் மொழிப் பெயரிலிருந்து வந்தது: மக் அன் உக்கதர், அதாவது துணி மிதிப்பவர் மகன், ஆங்கிலம் பரவியபோது வாக்கர் ஆனது. மேற்குத் தீவுகளில் இந்த வேலை ஆலைக்குப் போகாமல் பெண்களின் கையிலேயே வெகுகாலம் இருந்தது. ஈரத் துணியை நீளப் பலகையில் போட்டு, இரு பக்கமும் உட்கார்ந்து, பாட்டுப் பாடியபடி தாளத்துக்கு அடித்து இறுக்குவார்கள். 1772-இல் அந்தத் தீவுகளைச் சுற்றிய தாமஸ் பென்னன்ட் இதைப் படத்தோடு பதிவு செய்திருக்கிறார், 20-ஆம் நூற்றாண்டிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. அந்தப் பாடல்களின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. கட்டாயம் கேளுங்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வது நம் நடவுப் பாட்டின் அமைப்பிலேயே இருக்கும்.

ஜானி வாக்கரைக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஜான் வாக்கர் என்பவர் 1820-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை வைத்தவர், விஸ்கி அந்தக் கடையிலிருந்து வளர்ந்தது. தொப்பியும் தடியுமாக எட்டு வைத்து நடக்கும் மனிதரின் படத்தை டாம் பிரவுன் என்ற ஓவியர் 1908-இல் வரைந்தார். அதற்குள் பெயரின் பழைய பொருள் பொதுமக்கள் நினைவிலிருந்து போய்விட்டது, நடப்பவர் என்ற பொருள்தான் எல்லோருக்கும் தெரிந்தது. உலகம் முழுக்க வாக்கர் என்றால் நடை என்று பதிந்துபோனதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வேறு மூலம் இருக்க முடியாதா? கொஞ்சம் இருக்கிறது. அரசருடைய காடுகளை ‘வாக்’ என்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்க்கும் காவலரை வாக்கர் என்று அழைத்தார்கள். ஆனால் அந்த வழக்கு பெரும்பாலும் குடும்பப்பெயர்கள் நிலைபெற்ற பிறகு வருவது, எனவே மிகச் சிலருக்கே பொருந்தும். நியூகாசில் நகரத்தில் வாக்கர் என்றொரு பகுதியும் உண்டு. அந்தப் பெயர் ஹேட்ரியன் கட்டிய ரோமானிய மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்ற பொருளில் வந்தது, துணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மன் மொழியிலும் வாக்கர் என்று எழுதும் குடும்பப்பெயர் உண்டு, அங்கேயும் அதே துணி மிதிக்கும் தொழில்தான், அமெரிக்காவுக்குப் போன பிறகு ஆங்கில வாக்கர்களோடு கலந்துவிட்டது.

எண்ணிக்கை கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் வாக்கர் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் 5 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேல். ஒப்பிட வேண்டுமென்றால், முதலிடத்தில் இருக்கும் ஸ்மித் 24 லட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேல். அமெரிக்க வாக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். இதைச் சொல்லாமல் கடந்துபோவது சரியாக இருக்காது. அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் குடும்பப்பெயரை ஆவணங்கள் மதித்து எழுதவில்லை; விடுதலைக்குப் பிறகு 1870-இல் எடுத்த கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் எல்லோரும் முதன்முதலாகப் பெயரோடு பதிவானார்கள். சிலர் கடைசி எஜமானரின் பெயரை எடுத்தார்கள், சிலர் முந்தைய எஜமானருடையதை, சிலர் தாங்களே விரும்பிய ஒன்றை. அதனால் ஒரு கறுப்பின வாக்கரின் பெயர் யார்க்ஷயரின் ஓடைக்கரையிலிருந்து வந்தது என்பது உண்மை, அவருடைய மூதாதையர் அங்கிருந்து வந்தார்கள் என்பது உண்மையில்லை. முடிப் பராமரிப்புப் பொருள் விற்றுப் பெரும் தொழிலதிபராக உயர்ந்த மேடம் சி. ஜே. வாக்கர் 1867-இல் பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர் என்பது கணவரின் பெயர்.

அப்படியானால் வாக்கர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா? இல்லவே இல்லை. ஒவ்வொரு துணி ஊரிலும் தனித்தனியாக ஒரு வாக்கர் தோன்றியிருப்பார். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 குடும்பப்பெயர்களை எடுத்து, குடும்பப்பெயரைப் போலவே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ மாதிரி அபூர்வமான பெயர் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே முன்னோரிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் மாதிரி பரவலான பெயர் உள்ளவர்களிடம், வழியில் பார்க்கும் யாரோ இருவரிடம் இருக்கும் ஒற்றுமைக்கு மேல் எதுவும் இல்லை. தொழிலிலிருந்து பல இடங்களில் தோன்றிய வாக்கருக்கும் இரண்டாவது கதைதான் பொருந்தும்.

ஆகவே வாக்கர் குடும்பத்துச் சின்னம் என்று கேடயப் படம் போட்டுக் குவளையும் சட்டமிட்ட படமும் விற்கிறார்களே, அதை வாங்கி யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும் உரியது, ஒரு குடும்பப்பெயருக்கு உரியது இல்லை; காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அதிகாரபூர்வ அமைப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் வாக்கர் நண்பருக்கு உண்மையிலேயே வேர் தேடும் ஆசை இருந்தால், பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடிக்கச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா எந்தப் பாரிஷ், அதாவது எந்தத் தேவாலய வட்டாரம், என்று தெரிந்தால், 1841-லிருந்து ஆள் பெயரோடு கிடைக்கும் கணக்கெடுப்புகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகலாம், அதற்கும் முன்னால் தேவாலயப் பதிவேடுகள் இருக்கின்றன. 1538-இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவின் பேரில் எழுதத் தொடங்கிய பதிவேடுகள் அவை. எல்லா ஊரிலும் தொடக்கத்திலிருந்தே தப்பிப் பிழைக்கவில்லை, ஆனால் யார்க்ஷயர் பக்கம் தேடிப் பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது.